சுவருக்கு இருபுறமும் தெக்கேமுண்டக்கல்

பாலாவுக்குக் கிழக்கே, மீனச்சில் ஆற்றின் தென்கரையில், தெக்கேமுண்டக்கல் வீட்டின் இரண்டாவது ஆண்பிள்ளையாகக் குருவிளா பிறந்தார். இரண்டாவதாகப் பிறப்பது எங்கள் பக்கத்தில் குற்றமல்ல; தண்டனை மட்டும் உண்டு. மூத்தவர் இட்டிச்சனுக்குத் தாத்தாவின் பெயர், தாத்தாவின் நாற்காலி, மாதா கோயிலில் தாத்தா உட்கார்ந்த முன்வரிசை எல்லாம் பிறந்த அன்றே பதிவாகிவிட்டன. இளையவருக்கு மிச்சமிருந்தது கடல் ஒன்றுதான். பத்தொன்பதாம் வயதில் அவர் அதைத் தாண்டினார்.

மஸ்கட்டில் ரூவி என்னும் பகுதியில், குழாய்ச் சாமான்கள் அடுக்கிய ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. முப்பத்தொரு வருடம் எல்போ, டீ, நிப்பிள், வால்வு என்று எடுத்துக் கொடுத்தார். அந்த நகரத்தில் யார் குழாயைத் திறந்தாலும் விழும் தண்ணீர், குருவிளா தன் கையால் எடுத்துக் கொடுத்த எல்போ ஒன்றில் திரும்பித்தான் வந்திருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மறுப்பதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

கிடங்கு அவருக்குச் சம்பளத்தோடு ஒரு தத்துவத்தையும் கொடுத்தது. ஒன்று ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வேண்டுமானால் குழாய் வேண்டும். போய்ச் சேரவில்லை என்றால் ஒன்று அடைப்பு, இல்லாவிட்டால் ஒழுக்கு. மழை தப்பியதையும், மருமகன் ஃபோன் பண்ணாததையும், ஜெபம் பலிக்காததையும் அவர் இந்த ஒரே கொள்கையால் விளக்குவார். கேட்பவர்கள் எழுந்து போவார்களே தவிர, எதிர்த்துப் பேசியதில்லை.

அவர் ஊர் திரும்பிய மறுமாதம் அப்பா சாண்டி காலமானார். பாகம் பிரித்தார்கள். ஜாதிக்காய் மரம் ஒன்று நிற்கிற எட்டு சென்ட் நிலம் யாருக்கு என்பதில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். அன்று நின்ற பேச்சு, நான்கு வருடமாகியும் தொடங்கவில்லை. வீட்டின் நடுக்கூடத்தில் சுவர் எழுந்தது. அண்ணனுடைய இருமல்கூடத் தன் பக்கம் வரக் கூடாது என்பதற்காகக் குருவிளா சொந்தச் செலவில் வெட்டுக்கல்லை இரட்டை வரிசையாக வைத்துக் கட்டினார். அடுக்களைச் சுவரில் மட்டும் ஓர் ஓட்டை விடப்பட்டது. கொத்தனார் மறந்துவிட்டார் என்று அண்ணனும் தம்பியும் நம்புகிறார்கள். கொத்தனாருக்கு அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் மீன் கறி போனதை நாங்கள் அறிவோம்.

அந்த ஓட்டை வழியாகத்தான் இட்டிச்சனின் மனைவி பெண்ணம்மாவும் குருவிளாவின் மனைவி கொச்சுராணியும் கறியும் கறிவேப்பிலையும் மாற்றிக்கொள்வார்கள். இண்டர்நெட் வந்தபோது ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு எதற்கு என்று இருவரும் தீர்மானித்து, ஒரே பெட்டியை வாங்கி, அதே ஓட்டையில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கணினி, நடுவில் ஒரு வைஃபை பெட்டி. பெண்ணம்மா அதன் கொம்பில் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டார். சிக்னல் குறையவில்லை.

பெட்டியைப் பொருத்த வந்தவரிடம் குருவிளா கேட்ட முதல் கேள்வி, "குழாய் எங்கே?" என்பது.

"குழாய் கிடையாது சார். காத்துல வரும்."

"சுவரு இருக்கே?"

"இருக்கட்டுமே. சுவருக்குள்ள புகுந்து வரும்."

"ரெட்டை வரிசை வெட்டுக்கல்லு."

"மூணு வரிசை வெச்சாலும் வரும் சார். கொஞ்சம் களைச்சுப்போய் வரும்."

குருவிளா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. அதன் வழியாக, அந்த நேரத்தில், அமெரிக்காவிலிருந்து ஓர் இறால் வறுவல் செய்முறை பெண்ணம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முப்பத்தொரு வருடம் வால்வும் வாஷரும் எடுத்துக் கொடுத்தவருக்கு அது மோசேக்குச் செங்கடல் பிளந்ததைவிடப் பெரிய காரியமாகப் பட்டது. மோசே கடலைப் பிளந்தார். இங்கே சுவர் சுவராகவே நிற்க, விஷயம் கடந்து போகிறதே.

இனி வருவது குடும்ப வரலாறு பற்றியது. எங்கள் பக்கத்தில் மானமுள்ள குடும்பம் எதுவும் வரலாறு அச்சிடாமல் இருப்பதில்லை. எல்லா வரலாறும் அப்போஸ்தலர் தோமா கரையேறிய நாளில் ஆரம்பித்து, அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார் என்று சொல்லும். அத்தனை வீட்டுக்கும் முதலில் வர அவர் எப்படி ஓடியிருப்பார் என்பது விசுவாசத்துக்கு உட்பட்டது. தெக்கேமுண்டக்கல் குடும்பத்தாரின் சங்கமான குடும்பயோகமும் ஒரு புத்தகம் போடத் தீர்மானித்து, அதை எழுதும் பொறுப்பை ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் இட்டிச்சனிடம் ஒப்படைத்தது.

ஒரு வியாழக்கிழமை காலையில் பெண்ணம்மா ஓட்டை வழியாகக் குடம்புளியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"கொச்சுராணி, உங்க ஆளைப் பத்தி எங்க வீட்டு அச்சாயன் எழுதி முடிச்சுட்டாரு."

"எவ்வளவு சேட்டத்தி?" என்று ஓரகத்தியைக் கேட்டார் கொச்சுராணி.

"ஒரு வரி."

"ஒரு வரியா?"

"'இளையவன் குருவிளா சில காலம் வெளிநாட்டில் இருந்தான்.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளி நல்லாப் பெருசா வெச்சிருக்காரு."

அடுக்களைக்கு வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்த குருவிளா நுரையோடு உள்ளே வந்தார்.

"சில காலமா? முப்பத்தொரு வருஷம் சில காலமா? கொச்சுராணி, கொள்ளுத்தாத்தா ஒரு யானை வெச்சிருந்தாரே, அதுக்கு எவ்வளவுன்னு கேளு."

ஒரே அடுக்களையில் மூன்று பேர் நிற்கும் தூரம்தான். ஆனாலும் அண்ணன் குடும்பத்தோடு அவர் நேரே பேசுவதில்லை என்பதால் கொச்சுராணி கேட்டார்.

"யானைக்கு ஒண்ணரைப் பக்கம்," என்றார் பெண்ணம்மா. "படத்தோட."

"அது எந்த ஊருக்குப் போச்சு?" என்று குருவிளா சுவரைக் கேட்டார்.

"அவரைக் கேட்டேன் கொச்சுராணி. 'அவன் அங்க என்ன பண்ணினான்னு எனக்கென்ன தெரியும், எங்கிட்டயா வந்து சொன்னான், வேணும்னா அவனே எழுதித் தரட்டும்'ங்கிறாரு. திங்கக்கிழமை கோட்டயத்துல அச்சகத்துக்குப் போயிடுமாம். அதுக்குள்ள வந்தாப் போடுவாரு. வரலேன்னா இந்த வரிதான்."

அன்றே குருவிளா கணினி முன் உட்கார்ந்து தன் வாழ்க்கையை எழுதினார். மூன்று பக்கம் வந்தது. யானையின் இருமடங்கு. ஆனால் எழுதியதை அண்ணனிடம் சேர்ப்பது எப்படி? காகிதத்தில் கொடுத்தால் மனு கொடுத்த மாதிரி. மெயில் அனுப்பினால் வாசலில் போய்த் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற மாதிரி. பென்டிரைவில் போட்டுக் கொடுக்கலாம் என்றால், யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்த வைரஸ் குடும்ப வரலாற்றின் முதல் அறுநூறு ஆண்டுகளை ஒரே மூச்சில் தின்றுவிட்ட நாள்முதல், இட்டிச்சனின் பாகத்துக்குள் பென்டிரைவ் நுழையத் தடை. தோமாவையே இரண்டாம் முறை கரையேற்ற வேண்டியதாகிவிட்டதாம்.

வழி இருந்தது. பெட்டி பொருத்தியவர் போகும்போது, இரண்டு கணினியும் ஒரே பெட்டியில்தானே குடிக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்று எட்டிப் பார்க்க முடியும் என்று சொல்லி, இட்டிச்சன் கணினியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தார். பெயர் என்ன போடலாம் என்று கேட்டபோது கொச்சுராணி 'கிணறு' என்றார். பாகப்பத்திரத்தில் இருவருக்கும் பொது என்று எழுதியிருப்பது கிணறு ஒன்றைத்தான். அண்ணனும் தம்பியும் பேசாவிட்டாலும் அதில் தண்ணீர் மொள்வார்கள். பொதுக்கிணற்றில் வாளியை இறக்குகிறவன் யாருக்கும் தலை குனிவதில்லை, கயிற்றுக்குத்தான் குனிகிறான். குருவிளாவுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

வியாழன் மாலை, அவர் தன் கணினியில் அக்கம்பக்கத்துக் கணினிகளைக் காட்டும் சாளரத்தைத் திறந்தார். தெக்கேமுண்டக்கல் என்ற பெயரில் ஒரே ஒரு கணினி தெரிந்தது. தன் வீட்டுப் பெயரைத் தானே தட்டி உள்ளே போனார். கிணறு இல்லை. அதற்குப் பதில் மஸ்கட் படங்கள் இருந்தன: கிடங்கு வாசலில் குருவிளா, கடற்கரையில் குருவிளா, ஓர் ஒட்டகத்தின் பக்கத்தில் ஒட்டகம் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு குருவிளா.

அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தார்.

"கொச்சுராணி," என்றார். "இங்க வா. அச்சாயன் என் படத்தையெல்லாம் சேர்த்து வெச்சிருக்காரு. ஒட்டகப் படம்கூட இருக்கு."

கொச்சுராணி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தார்.

"இதெல்லாம் நம்ம படமாச்சே."

"அதைத்தான் சொல்றேன். நம்ம படத்தை அவரு வெச்சிருக்காரு. வெளியில காட்டிக்கலே."

"அவருக்கு எப்படிக் கிடைக்கும்? இது நம்ம கம்ப்யூட்டருங்க. நீங்க உங்க வீட்டுக் கதவையே தட்டி உங்க வீட்டுக்குள்ளயே போயிருக்கீங்க."

ஒரு மனிதன் அண்ணனின் இதயத்துக்குள் புகுந்துவிட்டதாக நினைத்துத் தன் அலமாரியைத் திறந்து பார்த்த சம்பவம் எங்கள் ஊர் வரலாற்றில் இது ஒன்றுதான். அதற்கு யாரும் அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் குருவிளா அடைப்பைத் தேடினார். குழாய் இல்லாத இடத்தில் அடைப்பைத் தேடுவது சாதாரணக் காரியமல்ல. பெட்டியைத் தூக்கி ஓட்டையின் இந்தக் கோடியில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பெண்ணம்மா, "இங்க பாட்டு நின்னுபோச்சு," என்றார். அந்தக் கோடிக்குத் தள்ளினார். எல்லாவற்றையும் அணைத்து, நூறு எண்ணி, மறுபடி போட்டார். கணினிக்குள் வெளியார் புகாமல் காவல் நிற்கும் நெருப்புச் சுவர் ஒன்று உண்டென்று படித்து, அதில் ஒரு கதவு திறந்தார். வீட்டுக்குள் ஒரு சுவர், கணினிக்குள் ஒரு சுவர். சுவர் கட்டுவதில் மனிதனுக்குள்ள ஆசையைக் கண்டு அவருக்கே பிரமிப்பாக இருந்தது. கடைசியில் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றார் கொச்சுராணி.

"ரெட்டை வரிசை. ஒரு வரிசையை மட்டும் எடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

"சேட்டத்திக்கு அந்தப் பக்கம் சினிமாவே ஓடுது. சுவரு மேல என்ன பழி? உளியை வெச்சிட்டு, எல்லாத்தையும் அணைச்சுப் போட்டா முதல்ல என்ன சொல்லுதுன்னு பாருங்க. நீங்க படிக்கறதுக்கு முன்னாடியே சரின்னு அமுக்கிடுறீங்க."

இது உண்மை. கணினி எதையாவது சொல்ல வாயெடுத்தால் குருவிளா உடனே 'சரி' என்பார். பெரிய மனுஷத்தனம் அது.

இம்முறை அணைத்துப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திரையில் ஒரு சிறிய பலகை எழுந்தது. இந்த வலையில் இதே பெயருடன் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது என்றது.

குருவிளா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை இன்னொரு முறை படித்தார்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெயர் போடாத பொருள் கிடையாது. குடையில் இருக்கும், கல்யாணத்துக்கு இரவல் போகும் அண்டாவில் இருக்கும், ஜீப்பில் இருக்கும், கல்லறையில் ஆளின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். வாங்கிய முதல் நாள் கணினி தன் பெயர் என்ன என்று கேட்டபோது, இட்டிச்சன் யோசிக்கவில்லை. தெக்கேமுண்டக்கல் என்று அடித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் குருவிளாவும் யோசிக்கவில்லை. தெக்கேமுண்டக்கல் என்று அடித்தார். பாகப்பத்திரம் நிலத்தைப் பிரித்தது, பலாவைப் பிரித்தது, தென்னையை எண்ணிப் பிரித்தது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வக்கீல்கள் இருவருக்கும் தோன்றாத கேள்வியைக் கைப்பிடி அளவுப் பெட்டி ஒன்று கேட்டுவிட்டது: ஐயா, இங்கே தெக்கேமுண்டக்கல் யார்?

"பார்த்தியா கொச்சுராணி," என்றார் குருவிளா மெதுவாக. "இதுக்குத் தெரிஞ்சிருக்கு, பேரு இன்னும் பிரியலேன்னு."

பெட்டியின் நியாயம் எளிமையானது. முதலில் எழுந்தவனுக்கே பெயர். பிந்தி வருகிறவன் இண்டர்நெட் குடிக்கலாம். ஆனால் பெயரில்லாதவனாகவே உட்கார வேண்டும். இது தெரிந்ததும் சனிக்கிழமை கோயில் முதல் மணிக்கே குருவிளா எழுந்து கணினியைப் போட்டார். அன்று பெயர் அவருக்கு. அடுக்களை ஓட்டை வழியாக நாற்காலி நகரும் சத்தம், பிறகு பெண்ணம்மாவின் குரல்:

"அதுக்கு என்னைப் பார்த்தா கத்தறது? அவரு உங்களுக்கு முன்னாடி எழுந்திருக்காரு. நீங்களும் எழுந்திருக்க வேண்டியதுதானே, மூத்த ஆளு."

பெயர் கிடைத்ததே தவிர, இருவரும் ஒரே பெயரில் இருக்கும்வரை அதே பெயரைத் தட்டினால் குருவிளா தன் வீட்டுக்குள்தான் போய் நிற்பார். பத்து மணிக்குக் கிணற்றடியில் சமாதானப் பேச்சு நடந்தது. தூதர்கள் இருவரும் துணி துவைத்துக்கொண்டே பேசினார்கள்.

"வேற பேரு வெச்சுக்கச் சொல்லு உங்க ஆளை," என்றார் பெண்ணம்மா. "இவரு மூத்தவராம். பேரு இவருக்காம்."

"இவரு சொல்றாரு சேட்டத்தி, அந்தப் பேரைச் சுமந்துக்கிட்டுக் கடல் தாண்டினது இவராம். அங்க உக்காந்திருந்தவங்களுக்கு அதோட கனம் தெரியாதாம்."

"பெரிய கனம். ரெண்டு பேரும் கோயில்ல பாட்டுப் பாடினா அந்தப் பேரு எங்க போகுதுன்னு நமக்குத் தெரியும்."

"ஒண்ணு பண்ணலாம். வீட்டுப் பேரு இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி அவங்கவங்க பேரைச் சேர்த்துக்கட்டும். உங்களோடது தெக்கேமுண்டக்கல் இட்டி. எங்களோடது தெக்கேமுண்டக்கல் குருவிளா."

இரு தரப்பும் ஏற்றது. இதைவிடக் கண்ணியமான உடன்படிக்கை எங்கள் பக்கத்தில் ஏற்பட்டதில்லை. இருவரும் சுவருக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் பெயரை மாற்றினார்கள். இருவரிடமும் கணினி என்னவோ சொன்னது. இருவரும் படிக்காமல் 'சரி' என்றார்கள். ஒரே ரத்தம்.

அணைத்துப் போட்டார்கள். அதே பலகை எழுந்தது. இதே பெயருடன் வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது.

குருவிளா பெயர் மாற்றும் இடத்துக்குத் திரும்பப் போய், கணினி சொன்னதை இம்முறை விரல் வைத்துப் படித்தார். ஆங்கிலத்தில் பதினைந்து எழுத்துக்கு மேல் வலைக்குள் பெயர் செல்லாது, மிச்சத்தை வெட்டிவிடும். விரல் விட்டு எண்ணினார். தெக்கேமுண்டக்கல் சரியாகப் பதினைந்து. இரண்டு பக்கத்திலும் குடும்பம் மட்டும் உள்ளே போயிருக்கிறது. இட்டியும் குருவிளாவும் வாசலிலேயே வெட்டப்பட்டிருக்கிறார்கள்.

"ஆளுக்கு இடமே இல்ல," என்றார் குருவிளா. "பேரே அடைச்சுக்கிட்டு நிக்குது."

அடைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம்வரை அவர் அந்தப் பலகையைப் பார்த்தபடியே இருந்தார். கொச்சுராணி கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் கொண்டுவந்து வைத்தார்.

"அச்சாயன் மாத்த மாட்டாரு," என்றார் குருவிளா. "சாகும்வரை மாத்த மாட்டாரு. நான் மாத்தினா, அந்த எட்டு சென்ட்டையும் விட்டுக்கொடுத்த மாதிரி."

"மாத்தலேன்னா?"

"சில காலம் வெளிநாட்டில் இருந்தான்."

"அப்போ எது பெருசுன்னு பாருங்க. கம்ப்யூட்டருக்கு உள்ள யாரு வந்து பேரு படிக்கப் போறாங்க? புத்தகத்தை நம்ம பேரப்பிள்ளைங்க படிக்கும்."

"பேரு போனா நான் யாரு கொச்சுராணி?"

"என்னைக் கட்டிக் கொடுத்தப்போ வீட்டுப் பேருக்கா கட்டிக் கொடுத்தாங்க? கறி ஆறுது. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தார். தெக்கேமுண்டக்கல் என்பதைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். வெள்ளைக் கட்டம் காலியாக நின்றது. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, முன்னால் எதுவும் இல்லாமல், குருவிளா என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகும் கட்டத்தில் இடம் இருந்தது.

அணைத்துப் போட்டபோது எந்தப் பலகையும் எழவில்லை. சாளரத்தைத் திறந்தார். இரண்டு சின்னக் கணினிப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் கீழ் தெக்கேமுண்டக்கல். இன்னொன்றின் கீழ் குருவிளா. அண்ணனும் தம்பியும் கடைசியாக அப்படி நின்றது அப்பாவின் அடக்கத்தில். குருவிளா அண்ணனைத் தட்டினார். சாவி கேட்டது.

"சேட்டத்தி," என்று கொச்சுராணி ஓட்டை வழியாகக் கூப்பிட்டார், "பாஸ்வேர்ட் கேக்குது."

உள்ளே போய் வந்த பெண்ணம்மா, "எனக்கென்ன ஒளிவு மறைவு, நான் அதெல்லாம் வைக்கலேங்கிறாரு," என்றார்.

"வைக்கலேன்னா உள்ள விடாதாம். இவரு படிச்சிட்டுச் சொல்றாரு. ஏதாவது ஒண்ணு போடச் சொல்லுங்க."

சிறிது நேரம் கழித்து பெண்ணம்மா ஓர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. கொச்சுராணி எழுதிக்கொள்ள பென்சில் தேடினார்.

"வேண்டாம்," என்றார் குருவிளா. அது அந்த எட்டு சென்ட்டின் சர்வே எண். இருவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மறக்காதது.

கதவு திறந்தது. உள்ளே கிணறு இருந்தது.

குருவிளா தன் மூன்று பக்கத்தை இழுத்து அதற்குள் போட்டார். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நீண்டு முடிந்தது. மூச்சு விடும் நேரம்கூட இல்லை. பத்தொன்பது வயதும், கப்பலும், கிடங்கும், முப்பத்தொரு கோடையும் இரட்டை வெட்டுக்கல்லுக்குள் புகுந்து, ஓர் எழுத்தும் உதிராமல் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. அவர் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். தூசியைத் தட்டுவது போன்ற பாவனையில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ரூவி ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பெரிய வால்வு எடுத்துக் கொடுத்ததை எழுத விட்டுப்போயிருந்தது. கிணற்றுக்குள் போய்த் தன் கோப்பைத் திறந்தார். திறக்கவில்லை. புதிதாக ஒரு பலகை.

இந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. திருத்திக்கொண்டிருப்பவர்: இட்டி.

குருவிளா அந்தப் பெயரை மறுபடி படித்தார். தெக்கேமுண்டக்கல் இல்லை. இட்டி. நான்கு வருடமாக அவர் பக்கம் முகத்தைத் திருப்பாத மனிதர், கைக்கெட்டும் தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், அந்தக் கணத்தில், அவர் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருக்கிறார். முதல் பக்கத்தில் இருப்பாரா, கிடங்குக்கு வந்துவிட்டாரா? குருவிளா சுவரில் காதை வைத்தார். இருமல் கேட்கவில்லை. கட்டும்போது எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்கிறோம் என்று முதல் முறையாக அவருக்கு வருத்தமாக இருந்தது.

"திறக்கலையா?" என்றார் கொச்சுராணி.

"அவரு உள்ள இருக்காரு."

"எங்க?"

"என் பக்கத்துல," என்றார் குருவிளா. வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று பக்கம் படிக்க இவ்வளவு நேரம் ஆகாது. மாட்டிறைச்சி வெந்து, அப்பம் சுட்டு, மேசைக்கு வந்த பிறகுதான் பூட்டு விலகியது. குருவிளா சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினார். பக்கங்களைக் குறைத்திருப்பார், யானையின் அளவுக்கு வெட்டியிருப்பார் என்று எதிர்பார்த்தார். மூன்றும் அப்படியே இருந்தன. வரிவரியாகத் தேடினார். முதல் பக்கத்தில், 'பத்தொன்பதாம் வயதில் தன்னந்தனியாகப் பம்பாய் சென்று கப்பலேறினார்' என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு வார்த்தையைக் காணவில்லை. தன்னந்தனியாக என்பது போயிருந்தது. வேறெதுவும் தொடப்படவில்லை.

குருவிளா முதலில் கோபப்பட்டார். அதைத் திரும்ப எழுதக் கையை வைத்தார். கை அங்கேயே நின்றது.

பம்பாய்வரை இட்டிச்சன் கூட வந்திருந்தார். ரயிலில் இடமில்லாமல் கழிப்பறை வாசலில் செய்தித்தாளை விரித்து மாறி மாறித் தூங்கினார்கள். துறைமுகத்தில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம்பி கையில் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குருவிளா இதை மறந்ததில்லை. தன்னந்தனியாக என்று எழுதினால் கதை எடுப்பாக இருக்கும் என்று எழுதியதுதான். எங்கள் பக்கத்து வரலாறுகள் எல்லாமே அப்படி எழுதப்பட்டவைதானே.

காலியான இடத்தில் அவர் எழுதினார்: 'பம்பாய்வரை மூத்த சகோதரர் இட்டி உடன் வந்து, தம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து வழியனுப்பினார்.' ஆஸ்பத்திரி வால்வை எழுத மறந்துபோய், மூடிவிட்டு வந்து ஆறிப்போன அப்பத்தைச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்துப் போய்ப் பார்த்தபோது மறுபடி பூட்டு. இட்டி. இம்முறை குருவிளா அந்தப் பலகையை மூடவில்லை. அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பூட்டு விலகியதும் திறந்தார். அவர் எழுதிய வரிக்குப் பின்னால் இன்னொரு சிறு வரி சேர்ந்திருந்தது. 'அந்தக் கடிகாரம் ஓடாது.'

குருவிளா சிரித்த சிரிப்பில் கொச்சுராணி கையிலிருந்த தட்டோடு ஓடி வந்தார்.

"என்ன? அச்சாயன் பேசினாரா?"

"எழுதியிருக்காரு. கடிகாரம் ஓடாதாம்."

"எந்தக் கடிகாரம்?"

"பம்பாயில கொடுத்தாரே, அது. கப்பல் ஏறி, அது காட்டின மணியையே ரெண்டு நாள் நம்பிக்கிட்டிருந்தேன். நடுக்கடல்ல காலம் நின்னுபோச்சு போலன்னு நினைச்சேன்."

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சா சொல்றாரு?"

"அப்பவே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேனே," என்றார் குருவிளா. "கொடுக்க அவர்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"

இது குடும்ப வரலாற்றில் இருக்க வேண்டிய வரியா என்று யாரும் கேட்கலாம். குருவிளா அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, 'ஆனாலும் முதல் சம்பளம் வாங்கும்வரை கட்டியிருந்தார்' என்று சேர்த்து, சேமித்தார். அடுக்களை ஓட்டை வழியாக, அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் மெல்லக் கேட்டது. தான் திறந்து வைத்திருக்கும்வரை அண்ணனுக்கு அது திறக்காது என்பது நினைவுக்கு வர, குருவிளா அவசரமாகக் கோப்பை மூடினார்.